உப்புக்குப் பூட்டு, அபினிக்கு ஒதுக்கீடு

எல்லையோரக் கொம்யூன்கள்: வரலாற்றுத் தொடர் – 14

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பேருந்து முள்ளோடையைத் தாண்டினால் பாகூர் கொம்யூன் வந்துவிடும். எதிர்த் திசையில் போகிற வண்டிகளைத்தான் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். சாராய பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவுவார்கள். ஒரு பக்கம் விலை குறைவு, மறுபக்கம் கூடுதல், நடுவில் ஒரு வயல் வரப்பு. கடத்தலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வரப்புகளைத் தாண்டி வந்துவிடுமோ என்று கிழக்கிந்தியக் கும்பினி அஞ்சிய சரக்கு உப்பு. அந்த அச்சம் லண்டன் வரை போய் ஓர் உடன்படிக்கையாகத் திரும்பி வந்தது. அதே தாளில் உப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு சரக்கும் எழுதப்பட்டது. அது அபினி.

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கதையைச் சென்ற இதழ்களில் பார்த்தோம். 1749இல் சந்தா சாகிப் தந்த ஊர்கள் இவை. போரில் போய், சமாதானத்தில் திரும்பி, மறுபடி போய் மறுபடி திரும்பின. 1783ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சார்ந்த பகுதிகளாக இந்த இரண்டு ஊர்களையும் பெற்றுத் தருவதாக இங்கிலாந்து மன்னர் பெயர் சொல்லியே ஒப்புக்கொண்டார். திருக்காமீசுவரர் கோயில் ஊரும் பாகூர் ஏரிக்கரை ஊரும் ஐரோப்பிய மன்னர்களின் ஒப்பந்தத்தில் இப்படி இடம்பிடித்தன. ஆனால் திரும்பக் கிடைத்த நிலம் ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சு ஊருக்குள் ஆங்கிலேய ஊர், ஆங்கிலேய ஊருக்கு நடுவில் பிரெஞ்சு ஊர் என்று சிதறிக் கிடந்தது. பெண் கொடுத்த வீடு ஒரு ராஜ்யத்திலும் எடுத்த வீடு இன்னொரு ராஜ்யத்திலும் இருக்கும். இந்த எல்லையில் கும்பினிக்கு நிம்மதி இருந்ததே இல்லை.

லண்டனில் ஒரு கையெழுத்து

சென்னை மாகாணத்தில் கும்பினி 1805இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பு விளைவிப்பவர் கும்பினிக்கே கொடுக்க வேண்டும், கும்பினி வைத்த விலைக்கே ஊர் வாங்க வேண்டும். அப்படி விலையை உயர்த்தி வைத்திருக்கும்போது, பக்கத்துப் பிரெஞ்சு ஊரில் எவனோ கடல் நீரைப் பாத்தியில் விட்டு மலிவாக உப்பெடுத்தால் என்னாகும்? தலைச்சுமையாகவே ஏகபோகம் கரைந்துபோகும்.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1814 மே 30ஆம் தேதி பாரிஸ் உடன்படிக்கைப்படி இந்தியாவில் இருந்த பிரெஞ்சு ஊர்களைத் திருப்பித் தர இங்கிலாந்து இசைந்தது. கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். ஊரைக் கொடுப்பதற்கு முன் உப்பு விஷயத்தையும் முடித்துவிட வேண்டும் என்று கும்பினி நினைத்தது. 1815 மார்ச் 7ஆம் தேதி லண்டனில் இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்கு ஆறு நாள் முன்புதான் எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் இறங்கியிருந்தான். ஐரோப்பாவின் தலையெழுத்தே மாறவிருந்த வாரத்தில், சோழமண்டலக் கரையின் உப்பையும் வங்காளத்து அபினியையும் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் சாரம் இது. பிரெஞ்சு ஊர்களில் விளையும் உப்பில், உள்ளூர்த் தேவைக்குப் போக மிஞ்சுவதை நியாய விலைக்கு வாங்கும் உரிமை கும்பினிக்கு மட்டுமே. பிரெஞ்சு அரசு தன் குடிகளுக்கு விற்கும் உப்பின் விலை, சுற்றிலும் உள்ள ஆங்கிலேய ஊர்களின் விலையை ஒட்டியே இருக்க வேண்டும். இதற்குக் கைமாறாகக் கும்பினி ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்குத் தரும். கல்கத்தாவில் நடக்கும் அபினி ஏலங்களில் ஆண்டுக்கு 300 பெட்டி வரை பிரெஞ்சு அரசுக்காக ஒதுக்கி வைக்கப்படும். அந்தந்த ஏலத்தின் சராசரி விலையே அதற்கும் விலை.

இந்த 300 பெட்டி புதிய எண்ணுமல்ல. 1787 ஆகஸ்ட் 31ஆம் தேதி வெர்சாயில் இரு நாட்டுத் தூதர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே பிரெஞ்சுக்காரருக்கு 300 பெட்டி அபினி உண்டு. உப்பும் வெடியுப்பும் கூட உண்டு. பிரெஞ்சுப் புரட்சியும் இருபதாண்டுப் போரும் வந்து போன பின்னும் அந்த எண் அப்படியே இருந்தது.

பாத்தி மூடியது

புதுச்சேரி 1816 டிசம்பர் 4ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. கோமகன் துப்புய் ஆளுநராக வந்தார். பொழுது விடிந்ததும் கும்பினிக்கு மறுபடி உப்புக் கவலை. மிஞ்சும் உப்பை வாங்கிக்கொள்ளலாம், சரி. மிஞ்சியது எவ்வளவு என்று யார் சொல்வது? பாத்தி இருக்கிற வரைக்கும் உப்பு விளையும், உப்பு விளைகிற வரைக்கும் அது வரப்பைத் தாண்டும். கும்பினிக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பாத்தியையே இல்லாமல் செய்துவிடுவது.

1818 மே 13ஆம் தேதி அதற்கும் ஓர் ஒப்பந்தம் வந்தது. பிரெஞ்சு ஊர்களில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்படும். உப்பளச் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகனைக் கும்பினி பிரெஞ்சு அரசிடம் தரும். குடிகளுக்கு வேண்டிய உப்பைக் கும்பினியே அடக்க விலைக்குக் கொடுக்கும், பிரெஞ்சு அரசு அதை அக்கம்பக்கத்து ஆங்கிலேய விலைக்கு விற்றுக்கொள்ளும். பதினைந்து ஆண்டுகளுக்கு என்று போட்ட இந்த ஒப்பந்தம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். தை பிறந்ததும் பாத்தியைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். களிமண் தரையை ஈரத்தோடு காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் உப்பில் மண் ஏறும். உப்பங்கழி நீரைத் தெப்பத்தில் விட்டுக் காயவைத்து, செறிவு ஏறிய பிறகே பாத்திக்குத் திருப்புவார்கள். வெயில் முற்றினால் வெள்ளைப் பூப்பூக்கும். அதை வாருபலகையால் இழுத்து வரப்பில் குவிப்பார்கள். ஒரு கோடை மழை வந்தால் பத்து நாள் உழைப்பும் கரைந்தோடும். இத்தனை பாடும் பட்டவருக்கு நஷ்டஈட்டில் இடமில்லை. ஒப்பந்தம் பேசியது சொத்துக்காரரைப் பற்றி மட்டும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். 4,000 வராகன் என்றால் 14,000 ரூபாய், அது உப்பளக்காரருக்கு. 4 லட்சம் சிக்கா ரூபாய், அதாவது சுமார் 10 லட்சம் பிராங்கு, பிரான்சுக்கு. பாரிஸ் கருவூலத்தின் வரவுப் பட்டியலில் ‘இந்திய வருமானம்’ என்ற தலைப்பில் அந்தத் தொகை பல்லாண்டுக் காலம் ஏறிக்கொண்டிருந்தது. கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, விளைவிக்காமல் இருந்ததற்கான கூலி மட்டும் பாரிசுக்குப் போனது.

முந்நூறு பெட்டியின் எடை

இனி அபினிக்கு வருவோம். கங்கைச் சமவெளியில் பாட்னா, காசிப்பூர் சுற்றுவட்டாரத்தில் கும்பினி முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிட வைத்தது. மாசி வாக்கில் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். மறுநாள் காலையில் அது பழுப்புப் பிசினாக இறுகியிருக்கும், அதைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தச் செடியின் இதழ்களையே அப்பமாகத் தட்டி, பிசினை உருண்டையாக்கி அதில் பொதிவார்கள். ஒரு பெட்டிக்கு 40 உருண்டை, எடை சுமார் 140 ராத்தல். கல்கத்தாவில் ஏலம். ஏலத்தில் எடுத்த தனி வியாபாரி எங்கே கொண்டுபோகிறான் என்று கும்பினி கேட்காது. கேட்காமலே தெரியும், சீனாவுக்கு.

சீனாவில் 1729இலேயே யோங்செங் பேரரசர் அபினி புகைப்பதற்காக விற்பதைத் தடை செய்திருந்தார். பின்னர் ஜியாச்சிங் பேரரசர் காலத்தில் இறக்குமதியே தடையாயிற்று. கும்பினி அதற்கு ஒரு வழி கண்டது. சீனாவுக்குத் தேயிலை வாங்கப் போகும் தன் சொந்தக் கப்பல்களில் ஒரு உருண்டை அபினி ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டது. தனியார் கப்பல் ஏற்றிப் போகலாம். கான்டன் ஆற்றுமுகத்தில் லின்டின் தீவருகே நங்கூரமிட்ட கப்பல்களில் சரக்கை இறக்கிவைக்க, துடுப்புப் படகுகள் இரவோடிரவாகக் கரைசேர்க்கும். அபினி விற்ற வெள்ளி கும்பினியின் கான்டன் கிடங்கில் சேரும், அதிலே தேயிலை வாங்குவார்கள். கும்பினியின் கை சுத்தம், பை நிறைவு.

1815 வாக்கில் சீனாவுக்குப் போனது ஆண்டுக்குச் சுமார் 4,000 பெட்டி. அதோடு ஒப்பிட்டால் பிரான்சுக்கு ஒதுக்கிய 300 பெட்டி சின்ன எண்ணிக்கையில்லை. கள்ளும் சாராயமும் குடித்த வில்லியனூர், பாகூர்க் குடியானவர்கள் தின்று தீர்க்கும் அளவும் இல்லை. அபினி இங்கே மருந்துப் பெட்டியில் இருந்த பொருள். ஒதுக்கீடு வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு வியாபாரத்துக்கானது. புதுச்சேரி அரசின் பெயர் அதற்கு முகவரி, அவ்வளவே.

வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

பாகூர்க் கடற்கரையில் கும்பினி பேசிய நியாயத்தையும் கான்டன் ஆற்றில் அது பேசிய நியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே, அண்டை ராஜ்யத்தின் சரக்கு என் சட்டத்தை மீறி என் ஊருக்குள் வரக்கூடாது, ஆகவே உன் ஊரிலேயே அதை விளைவிப்பதை நிறுத்து என்றது. பிரான்ஸ் நிறுத்தியது. 1839இல் சீனப் பேரரசர் அதே வேண்டுகோளை இங்கிலாந்திடம் வைத்தார். இங்கிலாந்து போர்க்கப்பலை அனுப்பியது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் பேரரசர் தாவோகுவாங் அனுப்பிய தனி ஆணையர் லின் சேசூ கான்டன் வந்து சேர்ந்தார். வெளிநாட்டு வியாபாரிகள் கையிருப்பு அபினியை ஒப்படைக்க வேண்டும் என்றார். அவர்கள் சாக்குப்போக்குச் சொல்ல, அவர்களுடைய குடியிருப்பையே சுற்றி வளைத்து வேலைக்காரர்களை வெளியேற்றினார். மார்ச் 27ஆம் தேதி ஆங்கிலேய வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட் தன் அரசியின் அரசு பெயரால் சரக்கை ஒப்படைக்கச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் கடத்தல்காரரின் சரக்கு இங்கிலாந்து அரசின் சொத்தாகிவிட்டது, நஷ்டஈடு கேட்க வழியும் பிறந்துவிட்டது. ஒப்படைத்தது 20,283 பெட்டி.

ஜூன் 3ஆம் தேதி ஹூமன் என்ற இடத்தில் அழிக்கும் வேலை தொடங்கியது. அபினியை எரித்தால் மண்ணில் ஊறும், தோண்டி எடுத்துவிடுவார்கள். அதனால் லின் மூன்று பெரிய குழிகளை வெட்டச் சொல்லி அடியில் கல் பாவினார். ஆற்று நீரை விட்டு, உப்பைக் கொட்டி, உருண்டைகளை உடைத்துப் போட்டு ஊறவிட்டார்கள். பிறகு சுண்ணாம்பைக் கொட்டினார்கள், குழி கொதித்தது. ஆட்கள் பலகை மேல் நின்று கிளறினார்கள். வடிகாலைத் திறந்து கடலுக்கு விட்டார்கள். மூன்று வாரம் இது நடந்தது. கடலை அசுத்தப்படுத்துவதற்காகக் கடல் தெய்வத்திடம் லின் மன்னிப்புக் கேட்டு வழிபட்டார். பாகூரில் கும்பினி விளையவிடாத உப்பு, ஹூமனில் கும்பினியின் அபினியைக் கரைத்தது.

விக்டோரியா அரசிக்கும் லின் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் நாட்டில் நீங்களே தடுக்கிற பொருளை எங்கள் நாட்டில் விற்று லாபம் பார்ப்பது எந்த நியாயம் என்பது அதன் கேள்வி. அந்தக் கடிதம் அரசி கைக்குப் போகவில்லை. 1840 ஏப்ரலில் லண்டன் நாடாளுமன்றத்தில் அரசின் சீனக் கொள்கையைக் கண்டித்து வந்த தீர்மானம் 262க்கு 271 என்று ஒன்பது வாக்கில் தோற்றது.

மழையில் நனைந்த துப்பாக்கிகள்

சீனாவுக்குப் போன படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாகச் சேர்ந்த 37ஆம் சென்னைக் காலாட்படை அதில் ஒன்று. அதன் ஒரு பகுதியை ஏற்றிச் சென்ற கோல்கொண்டா என்ற கப்பல் வழியிலேயே காணாமல் போனது.

1841 மே 30ஆம் தேதி கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்து வயல்களில் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கையில் ஈட்டி, மண்வெட்டி, கத்தி. மாலையில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. 37ஆம் படையின் ஒரு கம்பெனி, சுமார் அறுபது பேர், வழி தவறி நெல்வயல் சேற்றில் மாட்டிக்கொண்டது. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து வெடிக்கவில்லை. நாற்புறமும் முகம் காட்டிச் சதுரமாக நின்று துப்பாக்கிக் கத்தியாலேயே தாக்குப்பிடித்தார்கள். மழைக்கு அஞ்சாத புதுவகைத் துப்பாக்கியோடு வந்த ஆங்கிலக் கடற்படை வீரர்கள் இருட்டிய பிறகே அவர்களை மீட்டார்கள். சீனப் பாடநூல்களில் சான்யுவான்லி இன்றும் மக்கள் எழுச்சியாகப் பேசப்படுகிறது. அந்த ஊர்க்காரன் எதிரில் கண்டது தன்னைப்போல் வயல் சேறு பழகிய இன்னொரு குடியானவனின் மகனை. இருவருக்கும் அபினி லாபத்தில் பங்கில்லை.

1842இல் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் போனது, 2 கோடியே 10 லட்சம் டாலர் நஷ்டஈடு போனது. அபினி வியாபாரத்தை நிறுத்துவது பற்றியோ நடத்துவது பற்றியோ அதில் ஒரு விதியும் இல்லை. லின் ஏற்கெனவே பதவி பறிக்கப்பட்டு மேற்கெல்லையான இலிக்கு நாடுகடத்தப்பட்டிருந்தார்.

பிரான்சின் பங்கு

முதற்போரில் பிரான்ஸ் வேடிக்கை பார்த்தது. பலன் வந்ததும் வரிசையில் நின்றது. 1844 அக்டோபர் 24ஆம் தேதி வாம்போவா துறையில், கப்பல் தளத்திலேயே, லாக்ரனே என்ற பிரெஞ்சுத் தூதர் இங்கிலாந்துக்குக் கிடைத்த சலுகைகளைத் தன் நாட்டுக்கும் எழுதி வாங்கினார். 1856இல் குவாங்சியில் சாப்டலேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, இங்கிலாந்து சீனாவோடு தொடங்கிய இரண்டாம் போரில் நேரடியாகவே இறங்கியது. 1858இல் அபினிக்குச் சுங்கவரி வைக்க நேர்ந்த சீனா, அதன் மூலம் அதைச் சட்டப்படியான சரக்காக ஏற்றுக்கொண்டது. ஒரு பிக்கல் எடைக்கு 30 டேல் வரி. நூற்றிருபது ஆண்டுக்கு மேல் நீடித்த தடை முடிந்தது.

அடுத்த ஆண்டே பிரான்ஸ் சைகோனைப் பிடித்தது. கொச்சின்சீனாவில் அபினி விற்பனை அரசின் பெரிய வருவாய்களில் ஒன்றானது. முதலில் குத்தகைக்கு விட்டார்கள், 1881 வாக்கில் அரசே சைகோனில் ஆலை வைத்துக் காய்ச்சியது. கச்சா அபினி கல்கத்தாவிலிருந்து போனது. அந்த நிர்வாகத்தின் கீழ்நிலை வேலைகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் கப்பலேறினார்கள். சுங்கம், காவல், எழுத்தர் வேலை என்று பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் சைகோனில் ஒரு சமூகமாகவே வளர்ந்தார்கள்.

இதே காலத்தில், 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணைப்படி, வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களாயின. மேயர் வந்தார், வாக்குச்சீட்டு வந்தது, உப்பளம் மட்டும் திரும்பி வரவில்லை.

மறுபடி ஒரு வேண்டுகோள்

1906 செப்டம்பரில் சீனப் பேரரசு பத்தாண்டில் அபினியை ஒழிப்பதாக மறுபடி ஆணையிட்டது. இம்முறை இங்கிலாந்து இறங்கிவந்தது. ஆண்டுக்கு 51,000 பெட்டி என்று கணக்கிட்ட இந்திய அபினி ஏற்றுமதியை 1908 ஜனவரி முதல் ஆண்டுக்கு 5,100 பெட்டி வீதம் குறைத்துக்கொண்டே வருவது என்று ஒப்பந்தம். 1909இல் ஷாங்காயில் பதின்மூன்று நாடுகள் கூடின, 1912 ஜனவரி 23இல் ஹேக் நகரில் உடன்படிக்கை. 1913இல் சீனாவுக்கான இந்திய அபினி விற்பனை நின்றது. இரண்டு மாநாட்டிலும் பிரான்ஸ் இருந்தது. இந்தோசீனாவின் அபினி ஆலையை மட்டும் மூடவில்லை. தென்சீனாவில் 1898 முதல் அது குத்தகைக்கு வைத்திருந்த குவாங்சோவான் துறைமுகம் அபினிக் கடத்தலுக்குப் பேர்போனது.

இந்த நூறாண்டு வரலாற்றில் கடத்தல் என்ற குற்றம் இடத்துக்கு இடம் மாறியது. பாகூர்க்காரன் தன் கரையில் விளைந்த உப்பை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால் அது கடத்தல். கல்கத்தா ஏலத்தில் எடுத்த அபினி தடையுள்ள நாட்டுக்குள் போனால் அது சுதந்திர வாணிபம். எது குற்றம் என்று தீர்மானித்தது கஜானா. சீனாவுக்குப் பீரங்கி போனது, புதுச்சேரிக்குப் பணமூட்டை வந்தது. இரண்டும் காத்தது ஒரே கும்பினியின் இரண்டு ஏகபோகங்களை. சர்வதேச உடன்படிக்கை என்று யாராவது பெருமையாகப் பேசினால், அதில் விளைவித்தவனுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1818ஆம் ஆண்டின் தாளில் நம் பாத்தி மிதித்தவருக்கு ஒரு வரிகூட இல்லை.

(சைகோன் போன கொம்யூன்காரர்களின் கதை அடுத்த இதழில்)